வாங்காத பாட்டில்களின் விலை

குடியை நிறுத்திய ஆண்டில்தான் எனக்கு விஸ்கி விலை முழுசாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் முப்பது வருஷம் குடித்திருக்கிறேன். ஒரு கடையிலும் விலை கேட்டு நின்றதில்லை. வழக்கமான கடை, வழக்கமான பாட்டில். பையில் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிடுவேன்.

நிறுத்தச் சொன்னது அரசாங்கப் பாலிகிளினிக் டாக்டர். என் மகளைவிடச் சின்னப் பெண். ரத்தப் பரிசோதனை முடிவைத் திரையில் பார்த்துக்கொண்டே, ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டாள். உள்ளதில் பாதியைச் சொன்னேன். அவள் அதை இரண்டால் பெருக்கித்தான் எழுதியிருப்பாள் என்று நினைக்கிறேன். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை அப்படி இருந்தது. கல்லீரல் இன்னும் கெட்டுப்போகவில்லை, ஆனால் கெடத் தொடங்கிவிட்டது, குறைப்பது போதாது, நிறுத்த வேண்டும் என்றாள். வெளியே நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் சொன்னேன். "சரி" என்றாள். நாங்கள் வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஆபீசில் சொல்லவில்லை, பிள்ளைகளிடம் சொல்லவில்லை, அவள் அண்ணனிடமும் சொல்லவில்லை. நிறுத்தினேன் என்று சொன்னால் எவ்வளவு குடித்தேன் என்றும் சொல்ல வேண்டிவரும்.

எனக்கு வேலை சாங்கி ஏர்போர்ட்டில், விமானச் சரக்குப் பிரிவில். பெட்டிகளோடு போகும் காகிதங்களைச் சரிபார்த்து அனுப்புவது. ஐந்தரைக்கு முடியும். வீடு புக்கிட் மேராவில். பிள்ளைகள் இரண்டு பேரும் கல்யாணமாகித் தனியாகப் போய்விட்டார்கள். மனைவி ஒரு கிளினிக்கின் முகப்பில் உட்காருகிறாள். வாரத்தில் நான்கு நாள் அவளுக்கு மாலை ஷிஃப்ட். ஆகவே நான் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனால் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். ஏழிலிருந்து ஒன்பதுவரை இருந்த நேரம், முன்பெல்லாம் எப்படிப் போனது என்றே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. இப்போது அது ஒவ்வொரு நிமிஷமாக வந்து என் எதிரே நின்றது.

முதல் வாரம் டிவி பார்த்தேன். இரண்டாம் வாரம் சமையலறை அலமாரிகளை இறக்கிக் கழுவி மறுபடி அடுக்கினேன். மூன்றாம் வாரம் வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை. எம்ஆர்டி ரயிலில் வரும்போது எனக்கான ஸ்டேஷனுக்கு நாலைந்து ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கி நடக்கத் தொடங்கினேன். உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருந்தது. நடந்தால் அது தெரியவில்லை. கால் ஆடுகிறதே என்பதற்காகத்தான் நடந்தேன். ஆனால் கால்கள் என்னை எங்கே கூட்டிப்போயின என்று பார்த்தால், எப்போதும் ஒரு மதுக்கடை வாசலாக இருந்தது.

வாசலில் நிற்பேன். உள்ளே போவேன். அலமாரியைப் பார்ப்பேன். கடைக்காரர் என்ன வேணும் என்று கேட்டால் ஏதாவது சொல்ல வேண்டுமே என்பதற்காக, "இது எவ்வளவு?" என்பேன். சொன்னதும் தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிடுவேன். அடுத்த கடையிலும் அதே பாட்டிலைக் கேட்பேன். பத்து வெள்ளி வித்தியாசம் இருக்கும், டாலரைத்தான் வெள்ளி என்கிறேன். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதே ஊர், அதே பாட்டில், நடந்து போகும் தூரம். மூன்றாவது கடைக்குப் போனேன். ஃபோனில் குறித்துக்கொண்டேன். கையில் ஒரு வேலை கிடைத்த மாதிரி இருந்தது.

இரண்டு மாதத்தில் ஊரில் பாதிக் கடைகள் பழகிவிட்டன. தேக்காவில் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு கடை. நாங்கள் லிட்டில் இந்தியாவைத் தேக்கா என்றுதான் சொல்வோம். அங்கே முன்வரிசை முழுக்க பிராந்தியும் ரம்மும், கட்டுமான வேலை முடிந்து வருகிறவர்கள் கேட்கும் தட்டைப் பாட்டில்களும் இருக்கும். விஸ்கி மேல் தட்டில். கல்லாவில் காரைக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், நாற்பது வயது இருக்கும், என்னை அண்ணே என்பாள். பன்னிரண்டு வருஷ விஸ்கி அவளிடம் எழுபத்தெட்டு வெள்ளி. தஞ்சோங் பகாரில் இருந்த கடை வேறு மாதிரி. உள்ளே போனால் குளிரும். ஒவ்வொரு பாட்டில் மேலும் தனியாக ஒரு விளக்கு எரியும். அங்கே இருந்த சீன இளைஞன் எந்த மரப்பீப்பாயில் எத்தனை வருஷம் கிடந்தது என்றெல்லாம் சொல்வான், விரலளவு கிளாசில் ஊற்றி ருசி பார்க்கச் சொல்வான். மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லித் தப்பிப்பேன். அதே பன்னிரண்டு வருஷம் அங்கே தொண்ணூற்றைந்து. ஆனால் தேக்காவில் எட்டு வகை இருந்தால் அவனிடம் எண்பது வகை இருந்தது. எங்கள் புக்கிட் மேராவிலோ ஒரு சீனக் கிழவரின் மளிகைக்கடை, அரிசி மூட்டைக்கும் கொசுவர்த்திக்கும் நடுவில் நாலு வரிசை பாட்டில். தூசு படிந்திருக்கும். விலைச்சீட்டு எப்போதோ ஒட்டினது. உலகத்தில் விலை ஏறினாலும் அவர் சீட்டை மாற்றுவதில்லை. அங்கே போய் விலை கேட்பது எனக்கு லாட்டரி விழுந்த மாதிரி.

ஆபீசில் இது எப்படியோ தெரிந்துபோனது. சக ஊழியர் ஒருவர், மலாய்க்காரர், தன் சீன மாமனாருக்கு ஒரு பாட்டில் வாங்க வேண்டும், எங்கே வாங்கலாம் என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லாரிடமும் கேட்டார். நான் மூன்று கடையும் மூன்று விலையும் சொன்னேன். ஏர்போர்ட்டில் வாங்கினால் என்ன குறையும், வெளியூர் போய் இரண்டு நாளாவது தங்கிவிட்டு வந்தால்தான் வரி இல்லாமல் கொண்டுவர முடியும் என்பதையும் சொன்னேன். மேசையில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பிறகு யாருக்குப் பாட்டில் வேண்டும் என்றாலும் என்னிடம்தான் வந்தார்கள். "அவர் பெரிய ஆளு லா, அவர் நாக்குக்கு எல்லாம் தெரியும்" என்றார்கள். முப்பது வருஷம் குடித்தபோது கிடைக்காத பெயர் குடிக்காத வருஷத்தில் கிடைத்தது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியின் ஃபோன் சார்ஜில் இருந்தது. பஸ் நேரம் பார்க்க என்னுடையதை எடுத்தாள். நான் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது சாப்பாட்டு மேசையில் ஃபோனை வைத்து அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"இது என்னங்க?"

பட்டியல். கடை பெயர், தேதி, விலை. எட்டு மாதக் கணக்கு அதில் இருந்தது. வாரத்துக்கு மூன்று நான்கு வரி.

"விலை" என்றேன்.

"விலைன்னு தெரியுது. இத்தனை பாட்டில எங்க வச்சிருக்கீங்க?"

"வாங்கல. சும்மா விலை கேட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னது எனக்கே நம்பும்படி இல்லை. எட்டு மாதமாக மாலைதோறும் மதுக்கடைக்குப் போய் ஒன்றும் வாங்காமல் திரும்புகிற மனுஷன் எங்கே இருக்கிறான்? அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் தேவலை. எழுந்து போய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். இரண்டு தோசை சுட்டு முடித்த பிறகு, "அடுத்த தடவ போறப்ப நானும் வரேன்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானமே தேக்காவுக்குப் போனோம். அவள் முதலில் காய்கறி வாங்கினாள். ஈரச்சந்தையில் முருங்கைக்காயை மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு முதல் கடைக்கே திரும்பி வந்து வாங்கினாள். அது தெரியாமல் செய்ததா, தெரிந்தே செய்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பையை என் கையில் கொடுத்துவிட்டு, "எங்க அந்தக் கடை?" என்றாள்.

கல்லாவில் இருந்த பெண் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். பின்னால் இவளைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள்.

"வாங்க அண்ணி. வாங்கண்ணே, இன்னிக்கு என்ன விலை வேணும்?"

"இவர் இங்க அடிக்கடி வருவாரா?" என்று மனைவி கேட்டாள்.

"வாரம் ஒரு நாள் வந்துடுவாரு. அண்ணி, தப்பா நினைக்காதீங்க, நான் எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னேன், இவர் ஏதோ கவர்மெண்ட் ஆளு, விலை செக் பண்ண வராருன்னு. ஒரு சோடா கூட வாங்கினதில்ல."

மனைவி என் பக்கம் திரும்பவில்லை. அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "அந்தச் சோடா ரெண்டு கொடுங்க" என்று சொல்லிக் காசு கொடுத்தாள். வெளியே வந்து கடையை ஒட்டிய ஐந்தடிப்பாதையில் நின்றே இருவரும் குடித்தோம். வெயில் சுள்ளென்று இருந்தது. அவள் கண் கலங்கியிருந்தது. சோடா காரம் என்றாள். எனக்கு நெஞ்சில் இருந்த ஒரு பாரம் இறங்கியது. அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த மாதம் மனைவியின் அண்ணனுக்கு அறுபது வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கட்டை குரல், பெரிய உடம்பு. என்னை மாப்ள என்பார், நான் மச்சான் என்பேன். நானும் அவரும் குடித்த மாலைகளுக்கு எண்ணிக்கை இல்லை. உறவினர்கள் எல்லாரும் பணம் போட்டு அவருக்குப் பதினெட்டு வருஷ விஸ்கி ஒன்று வாங்கித் தருவது என்று முடிவு செய்தார்கள். யார் வாங்குவது? குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் என் பெயரைத்தான் போட்டார்கள். மனைவி அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"முடியாதுன்னு சொல்லிடவா?"

"ஏன்? விலை எனக்குத்தானே தெரியும்."

"விலை கேக்கறது வேற."

"ஒண்ணும் ஆகாது" என்றேன்.

பதினெட்டு வருஷம் தேக்காவில் இல்லை. தஞ்சோங் பகாரில் இருநூற்று ஐம்பது. புக்கிட் மேராக் கிழவரிடம் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. செவ்வாய்க்கிழமை மாலை அவரிடம் போனேன். ஸ்டூல் போட்டு ஏறி எடுத்து, துணியால் பெட்டியைத் துடைத்தார். "லாஸ்ட் பீஸ் லா. அடுத்தது வந்தா விலை ஏறும்" என்றார். பத்து மாதத்தில் முதல் தடவையாக ஒரு மதுக்கடையில் நான் பணம் கொடுத்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது பை காலில் இடித்துக்கொண்டே வந்தது.

விருந்து ஞாயிற்றுக்கிழமை. அதுவரை ஐந்து நாள் பாட்டில் வீட்டில் இருக்க வேண்டும். மனைவி அதை வாங்கித் தன் அலமாரியில் புடவைகளுக்குப் பின்னால் வைத்தாள். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பூட்டட்டுமா?"

"வேணாம். பூட்டினா நான் என்னமோ திருடன் மாதிரி ஆயிடும்."

அவள் பூட்டவில்லை.

புதன்கிழமை ஆபீசில் ஒரே காகிதத்தை நாலு தடவை படித்தேன். மேற்பார்வையாளர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மாலையில் எங்கேயும் இறங்கி நடக்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்தேன். வீடு காலியாக இருந்தது. அலமாரி இருக்கும் அறைக்குள் போகாமல் கூடத்திலேயே படுத்தேன். மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்ததும் நேரே அந்த அறைக்குள் போனாள், சட்டென்று திரும்பி வந்தாள். அவள் எதைப் பார்க்கப் போனாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தேன். விடுப்பு மிச்சம் இருக்கிறது, வீணாகப் போய்விடும் என்று ஆபீசில் சொன்னேன். எனக்கு நானும் அதையே சொல்லிக்கொண்டேன். ஆனால் மனைவி ஒன்றரை மணிக்கு வேலைக்குக் கிளம்புவாள் என்பதும், நான் இரண்டு மணிக்கு வீட்டில் இருப்பேன் என்பதும் முதல்நாளே என் மனசில் இருந்தது.

சாப்பிட்டேன். தட்டைக் கழுவினேன். மூன்று சட்டைக்கு இஸ்திரி போட்டேன். பிறகு போய் அலமாரியைத் திறந்து பாட்டிலை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். பார்க்கலாம் என்று மட்டும் நினைத்தேன். பெட்டியில் அச்சடித்திருந்ததையெல்லாம் படித்தேன். பெட்டியிலிருந்து எடுத்தேன். சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றியிருந்த தாளின் ஓரத்தில் கட்டைவிரல் நகம் பட்டது. நகம் பட்டது என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்தான் நகத்தைக் கொடுத்துக் கிழித்தேன். தக்கையைத் திருகி இழுத்தேன். ஒரு சின்னச் சத்தம். வாசனை மூக்கில் ஏறியது.

விஸ்கி கிளாஸ்களையெல்லாம் நிறுத்தியபோதே யாருக்கோ கொடுத்துவிட்டோம். அதனால் தண்ணீர் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கை நடுங்கும் என்று எதிர்பார்த்தேன். நடுங்கவில்லை. காலும் ஆடவில்லை. இத்தனை மாதமாக ஆடிய கால், அந்த நிமிஷம் அசையாமல் இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஃபோனை எடுத்துக் கிளினிக்குக் கூப்பிட்டேன். அவள்தான் எடுத்தாள். வழக்கமான ஆங்கில வணக்கத்தைச் சொன்னாள்.

"நான்தான்."

"சொல்லுங்க."

"பாட்டிலத் திறந்துட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுவது கேட்டது. யாரோ இருமினார்கள்.

"ஊத்திட்டீங்களா?"

"இல்ல."

"அப்படியே வச்சிடுங்க. கதவச் சாத்திட்டு வெளிய வந்து நில்லுங்க. நான் வரேன்."

ஒன்பதாவது மாடி நடைபாதையில் நின்றேன். அவள் வர நாற்பது நிமிஷம் ஆனது. பக்கத்து வீட்டு மலாய் அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தார். சாவியை மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பூட்டுத் திறக்கும் ஆளைக் கூப்பிடட்டுமா என்றார். வேண்டாம், மனைவி வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டு, ஒரு தட்டில் குயே பலகாரம் வைத்துக் கொடுத்தார். பச்சை நிறத்தில், தேங்காய்ப்பூ தூவியது. என் சட்டைப்பையில் சாவி இருந்தது. அவர் பார்த்துவிடக் கூடாதே என்று கையால் மறைத்துக்கொண்டு குயேயைத் தின்றேன்.

மனைவி சீருடையோடு வந்தாள். அந்த அம்மாவுக்கு நன்றி சொன்னாள், தட்டைத் திருப்பிக் கொடுத்தாள், கதவைத் திறந்து என்னை முன்னால் போகவிட்டாள். உள்ளே வந்ததும் ஏதோ சொல்ல வருகிறவள் மாதிரி என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து மூச்சை இழுத்தாள். பழைய நாட்களில் தினமும் செய்தது. பத்து மாதமாகச் செய்யாமல் இருந்தாள். செய்துவிட்ட பிறகு அவளுக்கே அது தாங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தேங்கா வாசன வருது" என்றாள். "எனக்கு எதுவும் தெரியல. நீங்களே சொல்லுங்க. குடிச்சீங்களா?"

"குடிக்கல."

"சரி."

எழுந்து தக்கையை அழுத்தி மூடினாள். காய்ந்து கிடந்த டம்ளரை எடுத்துக் கழுவினாள். கழுவ அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் ரொம்ப நேரம் கழுவினாள்.

பாட்டிலை அப்படியே பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று அன்று மாலை அவள்தான் சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றேன். அப்போதிருந்து இரண்டு நாள் நான் பட்ட அலைச்சல், அந்த எட்டு மாதத்தில்கூடப் பட்டதில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து தஞ்சோங் பகாரில் இறங்கினேன். அந்த இளைஞன் நேற்றுத்தான் ஒருவர் வாங்கிப்போனார் என்றான். பதினைந்து வருஷம் இருக்கிறது, இருபத்தொன்று இருக்கிறது, பதினெட்டு இல்லை. கிழவரிடம் போனேன். லாஸ்ட் பீஸ் என்று சொன்னேனே என்று கையை விரித்தார். அன்று பாங்காக்கிலிருந்து திரும்பும் ஒரு சக ஊழியருக்குச் செய்தி அனுப்பினேன். காலையில் போய் மாலையில் வருகிறவர், வரியில்லாமல் வாங்க முடியாது என்று நானே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன், அதையே எனக்குத் திருப்பி எழுதினார்.

சனிக்கிழமை இருவரும் சேர்ந்து தேடினோம். மூன்று கடை ஏறி இறங்கி, தேக்காவுக்கு வந்தபோது மணி ஆறே கால். சனி ஞாயிறுகளில் அங்கே ஏழுக்கு மேல் பாட்டில் விற்கக் கூடாது. காரைக்குடிப் பெண் நாலு இடத்துக்கு ஃபோன் போட்டாள். ஒரு இடத்தில் இருக்கிறது என்றார்கள். பிறகு பார்த்தால் அது பன்னிரண்டு வருஷம். கூட்டம் நெரித்தது. கடைசி நேரத்தில் வாங்க வந்தவர்கள் என் தோளுக்கு மேலே கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழு மணிக்கு அவள் மதுத் தட்டுகளின் மேல் துணியை இழுத்துவிட்டாள்.

"அண்ணே, ஒரு நாள் விலை கேக்காம வாங்கணும்னு வந்தீங்க. எங்கிட்ட இல்லாமப் போச்சு" என்றாள். உண்மையிலேயே வருத்தப்பட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் மனைவி கேட்டாள், "அண்ணன்ட்ட சொல்லிடலாமா?"

"எத?"

"எல்லாத்தையும்."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும், "நான் சொல்றேன். நீ சொல்லாத" என்றேன்.

மச்சானின் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருந்து. பிரியாணி வாசனை லிஃப்ட் வரைக்கும் வந்தது. ஐம்பது அறுபது பேர். மச்சான் புதுச் சட்டையில் எல்லாரையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். நான் பையோடு போய் அவர் முழங்கையைத் தொட்டு, ஒரு நிமிஷம் வாங்க மச்சான் என்று கூப்பிட்டேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் தபால் பெட்டிகள் இருந்த இடத்துக்கு வந்தோம்.

"என்ன மாப்ள, ரகசியமா கொடுக்கிறீங்க?"

"இது எல்லாரும் சேர்ந்து வாங்கினது. ஆனா சீல் உடஞ்சிருக்கு. நான்தான் உடச்சேன்."

அவர் பெட்டியைத் திறந்து பாட்டிலை வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து அளவைப் பார்த்தார்.

"ஒண்ணும் குறையலயே?"

"குறையல. குடிக்கல. நான் நிறுத்திப் பத்து மாசம் ஆச்சு மச்சான். டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாங்க. வியாழக்கிழம வீட்ல தனியா இருந்தேன். திறந்துட்டேன். அப்புறம் உங்க தங்கச்சிய வேலையிலேர்ந்து வரவச்சேன்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சொல்லும்போது தபால் பெட்டி எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பாட்டிலை மெல்லப் பெட்டிக்குள் இறக்கினார்.

"பத்து மாசமா? தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தப்போ கூட கையில கிளாஸ் வச்சிருந்தீங்களே?"

"அது ஆப்பிள் ஜூஸ்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க கூப்பிட மாட்டீங்கன்னு நினச்சேன்."

அவர் முகம் மாறியது. கோபப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். கோபம்தான், ஆனால் யார்மேல் என்று எனக்குச் சரியாகப் புரியவில்லை. "வேற பேச்சே இல்லாமயா நாம இத்தன வருஷம் பேசினோம்?" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். அவரும் யோசித்தார் போல. அதற்குள் யாரோ கேக் வெட்டக் கூப்பிட்டார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் பாட்டிலை மேசையில் வைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். யாரும் சீலைக் கவனிக்கவில்லை. அவர் ஊற்றிக் கொடுத்தார். வாங்கியவர்கள் நல்ல பாட்டில், தேர்ந்தெடுத்தது யார் தெரியுமா என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் என் முன்னால் கிளாசை வைத்துப் பாட்டிலைச் சாய்க்கப் போனார்.

மச்சான் எட்டிக் கிளாசை எடுத்தார். "அவருக்கு வேணாம். அவர் நிறுத்திட்டார்" என்றார், பிரியாணிக்கு ரைத்தா வேண்டாம் என்று சொல்கிற மாதிரி.

எனக்குக் காது சூடானது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. ஒருவர் எப்போதிலிருந்து என்று கேட்டார். இன்னொருவர் நல்லது என்றார். மூன்றாமவர் தன் சர்க்கரை அளவைச் சொல்லத் தொடங்கினார், பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. பெண்கள் வரிசையிலிருந்து மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் தட்டைக் குனிந்து பார்த்துச் சாப்பிடத் தொடங்கினாள். எனக்கு மச்சான்மேல் கோபமும் இருந்தது. ஊரறியச் சொல்ல நான் அவருக்கு அனுமதி கொடுக்கவில்லை. ஆனால் பிரியாணியை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை, ஆறரை மணிக்கு எம்ஆர்டியில் நின்றுகொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. மச்சான்.

"எங்க இருக்கீங்க மாப்ள?"

"தானா மேரா தாண்டிட்டேன்."

"சரி. சும்மாதான் கூப்பிட்டேன்."

செவ்வாய்க்கிழமையும் அதே நேரம். புதன்கிழமையும். முட்டி வலி, அவர் வீட்டு லிஃப்ட் பழுது, எஸ் லீக் ஃபுட்பால் ஆட்டத்தில் யார் தோற்றார்கள், இவ்வளவுதான். பத்து நாளில் எட்டு நாள் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. அவர் அந்தப் பக்கம் இருமுவார், நான் இந்தப் பக்கம் அடுத்து என்ன ஸ்டேஷன் என்று சொல்வேன். சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும். வண்டி எங்கள் ஸ்டேஷனுக்கு வரும்வரை அவர் வைக்க மாட்டார். இறங்கி, எஸ்கலேட்டர் ஏறி, சாலையைத் தாண்டும்வரை பேசிக்கொண்டேதான் வருவேன்.

"வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாச்சா?" என்பார்.

"லிஃப்ட்ல இருக்கேன் மச்சான். சிக்னல் போயிடும்."

"போனா போகட்டும். வெளிய வந்ததும் கூப்பிடுங்க."